கிளை விழுமுன் எடுத்த படம்

கிங்ஸ்பரி,
வடமேற்கு லண்டன்.

காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் எழுந்தருளியிருக்கும் பெரியோர்களுக்கு,

தங்கள் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது. எங்கள் மோட்டார்ஹோமின் கூரையில் மரக்கிளை விழுந்ததைப் பெரிய மனதுடன் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். நெளிந்த கூரைத் தகட்டுக்கும் உடைந்த கூரை யன்னலுக்கும் பணம் தருவதாகச் சொல்கிறீர்கள். அந்த உடைவுக்குள்ளால் இறங்கிய மழைத்தண்ணி சுவரை ஊறவைத்து, உள்பலகையை உப்பவைத்து, படுக்கைத் தலைமாட்டில் பூஞ்சணம் பிடிக்க வைத்தது மட்டும் 'படிப்படியாக ஏற்பட்ட சேதம்', ஆகவே பொலிசிக்குள் வராது என்கிறீர்கள். ஆகக் கிளை உங்கள் பங்கு, தண்ணி என் பங்கு. வேலிக் கதியாலுக்கு மூன்று தலைமுறை வழக்காடுகிற ஊரில் பிறந்த எனக்கே இப்படி ஒரு பங்குபிரிப்புப் புதிது.

கூடவே சில ஆவணங்களும் கேட்டிருக்கிறீர்கள். முதலாவது, கிளை விழுவதற்கு முன்னர் கூரையின் அதே இடத்தை, மேலிருந்து, திகதி தெரியக்கூடியதாக எடுத்த படம். இதை வாசித்துக் காட்டியபோது மனிசி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குஜராத்தி அன்ரி எட்டிப் பார்த்தா. எங்களிடமா படம் கேட்கிறீர்கள்? லண்டன் தமிழரின் சாமத்திய வீடு ஒன்றுக்கு நீங்கள் வந்ததில்லைப் போலும். வாசலில் ஒரு கமரா, மேடையில் இரண்டு, மண்டபத்துக்கு வெளியே ட்ரோன். பிள்ளை குதிரை வண்டியில் வந்து இறங்குவதை எடுத்து, வெளிச்சம் சரியில்லையென்று திரும்ப ஏற்றி இறக்குவார்கள். ஆல்பத்தைத் தூக்க ஒரு ஆள் போதாது. இப்படிப்பட்ட சனத்திடம் இல்லாத ஒரே படம் வான் கூரையின் படம்தான். பரவாயில்லை, தெரிந்த வீடியோக்காரத் தம்பியிடம் கேட்டுவிட்டேன். அடுத்த பொலிசி தொடங்கும் நாளில் வானுக்கு மஞ்சள் தண்ணி வார்த்து, கூரை, நாலு மூலை, அடிப்பாகம் எல்லாவற்றையும் பிடித்துத் தருவாராம். ட்ரோன் தனிக்கணக்கு. ஆரத்தித் தட்டுத் தூக்க உங்கள் பிரிவிலிருந்து ஏழு பேர் வந்தால் சாட்சிக்கும் ஆகும்.

இரண்டாவது, கிளையை விழுத்திய புயலின் பெயர். இந்த நாட்டு வானிலைத் திணைக்களம் புயல்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியது 2015இல். எங்கள் கிளையை விழுத்திய காற்று ஞானஸ்நானம் பெறாத காற்று. வீட்டுக் காப்புறுதிக்குப் பிரித்தானியக் காப்புறுதியாளர் சங்கம் புயலுக்கு ஒரு இலக்கணம் வகுத்திருப்பது எனக்குத் தெரியும்: மணிக்கு 55 மைல் வேகத்தில் வீசவேண்டும், அல்லது மணிக்கு 25 மில்லிமீற்றர் மழை கொட்டவேண்டும், அல்லது 24 மணித்தியாலத்தில் 30 சென்ரிமீற்றர் பனி விழவேண்டும். அதை இழுத்து வந்து வான் கூரையில் போடுகிறீர்கள். 54 மைலில் வந்த காற்று கிளையை முறிக்கும், ஆனால் அது புயல் அல்ல, வெறும் பழக்கவழக்கம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் துடைத்துக்கொண்டு போன சூறாவளிக்கும் பெயர் இல்லை. அது நல்ல காலமாக உங்களிடம் பொலிசி எடுக்கவில்லை.

நான் அனுப்பியவற்றைத் திறந்து பார்த்தீர்களா தெரியாது. கராஜ்கார அண்ணை சொல்லித்தந்த ஒழுங்கில்தான் படம் எடுத்தேன். முதலில் நம்பர் பிளேற் தெரிய முழு வான், பிறகு அந்தப் பக்கம், பிறகு உடைவு, கடைசியில் அளவுநாடாவை வைத்துக் கிட்டத்தில். விழுந்த கிளையையும் வெட்டி எறியாமல் வைத்திருக்கிறேன். இரண்டு ஊசி உள்ள ஈரமானியால் உள்சுவர் முழுக்கக் குத்தி, வானின் வரைபடத்தில் சாதகக் கட்டம் போலக் கோடுகீறி ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணை எழுதினேன். இந்தத் தொழிலில் 15 வீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லம், 20க்கு மேலே போனால் தேடிப்பார்க்கவேண்டும், 30 தாண்டினால் மரம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வார்கள். கிளை விழுந்த மூலையில் 32. மற்றச் சுவர்களில் 11, 12. ஈரம் எந்த வீட்டில் குந்தியிருக்கிறது என்று சாத்திரியார் இல்லாமலே தெரியும்.

அதைவிடப் பெரிய சாட்சி திருகாணி. கூரையும் பக்கச்சுவரும் சேருமிடத்தில் நீட்டுக்கு ஒரு அலுமினியப் பட்டி இருக்கிறது. அண்ணை அதை மெல்லக் கழற்றிக் காட்டினார். கிளை அடித்த இடத்தில் பட்டி நெம்பிக் கிளம்பியிருந்தது. அதற்கு அங்காலும் இங்காலும் இருந்த திருகாணிகளில் துருவின் நிழல்கூட இல்லை. கீழே பூசிய சீலன்ற் நகத்தால் அழுத்தினால் அமிழும் பதத்தில் இருந்தது. வருசக்கணக்கான ஒழுக்கு என்றால் திருகாணி தின்னப்பட்டிருக்கும், மரம் கறுத்து விரலோடு உதிர்ந்து வரும். இங்கே மரம் வெளிறி, நனைந்து, உடையாமல் இருந்தது. "தம்பி, இது போன மாதத்துத் தண்ணி" என்றார் அண்ணை. உங்கள் பொறியியலாளரோ வேறொரு நகரத்தில் கணினிக்கு முன்னால் இருந்து படத்தைப் பார்த்து, 'நீண்டகாலக் கசிவாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். திருகாணிப் படத்தைப் பற்றி அவர் அறிக்கையில் ஒரு சொல் இல்லை.

உங்கள் முதற்கடிதத்தில் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. எங்கள் அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாது. சேதம் கூடாமல் உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்கவேண்டும். இரண்டையும் ஒரேநேரத்தில் நிறைவேற்றத் திருவருள் வேண்டும். நான் ஒரு நீலப் படங்கை வாங்கிக் கூரையில் போட்டுக் கயிற்றால் கட்டினேன், பற்றுச்சீட்டும் அனுப்பினேன். படங்கு போட்டது 'அனுமதியற்ற திருத்தவேலையா' என்று விளக்கம் கேட்டு வந்தது பதில்.

'மோட்டார் வாகனத்தின் சுவரில் மரம் இருப்பதற்குக் காரணம் என்ன' என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த வகை வானில் முன்பாதிதான் கொம்பனிக்காரன் செய்த வாகனம். பின்னால் இருக்கும் வீட்டை மரச்சட்டம் அடித்து, இடையில் நுரைப்பலகை வைத்து, உள்ளே ஒட்டுப்பலகையும் வெளியே தகடும் ஒட்டிச் செய்கிறார்கள். கிங்ஸ்பரிக்காரனிடம் இதைக் கேட்பது பருத்தித்துறையானிடம் கடல் எங்கே என்று கேட்பதுதான். எட்ஜ்வெயார் றோட்டோரம் வான்டன் பிளாஸ் பட்டறை 1923 முதல் 1979 வரை இங்கேதான் இருந்தது. பென்ட்லி கார்களுக்கு மரச்சட்டத்தில் உடல் கட்டினார்கள். யுத்தகாலத்தில் மொஸ்கிற்றோ விமானத்துக்கு மரப்பாகம் செய்தார்கள். மரத்தில் விமானமே பறந்திருக்கிறது. என் படுக்கைத் தலைமாடு மரத்தில் இருந்தது உங்களுக்குச் சந்தேகம்.

உங்கள் பங்கை மட்டும் திருத்தினால் என்ன நடக்கும் என்பதையும் அண்ணை எழுதித் தந்திருக்கிறார். முறையான வேலை என்றால் உள்பலகையைக் கழற்றி, ஈரமுறிஞ்சியை வாரக்கணக்கில் ஓடவிட்டு, பழுதான சட்டத்தை வெட்டி மாற்றி, புதுப்பலகை ஒட்டி, பட்டியின் கீழே இறுகாத சீலன்ற் வைத்துப் பூட்டவேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்டது மேல்தகடு மட்டும். நனைந்த மரத்துக்கு மேல் புதுத்தகடு அடித்தால் ஈரம் உள்ளே குடித்தனம் தொடங்கும். அடுத்த வருசம் அது உண்மையாகவே 'படிப்படியான சேதம்' ஆகிவிடும். உங்கள் தீர்க்கதரிசனத்தை நிரூபிக்க நீங்களே செலவு செய்வது அபூர்வமான தொழில் நேர்மை.

இனி உங்கள் சட்டவாதத்துக்கு வருகிறேன். 1915 சனவரியில் இக்காரியா என்ற கப்பல் பிரான்சின் லு ஆவ்ருக்குக் கிட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் குண்டு வாங்கியது. மூழ்கவில்லை. இழுத்துக்கொண்டு வந்து துறைமுகத்தில் கட்டினார்கள். காற்று எழுந்து கப்பல் துறைமேடையில் முட்டத் தொடங்க, இங்கேயே தாண்டு வழியை அடைத்துவிடும் என்று பயந்து அலைதடுப்புச் சுவரோரம் அனுப்பினார்கள். அங்கே வற்றில் தரைதட்டி, பெருக்கில் மிதந்து, கடைசியில் முதுகு முறிந்து தாண்டது. கப்பல்காரர் சொன்னார்கள்: கடல்தான் தாழ்த்தியது, கடலுக்குப் பொலிசி இருக்கிறது, பணம் தாருங்கள். நோர்விச் யூனியன் காப்புறுதி நிறுவனம் சொன்னது: கடல் எல்லாம் பிறகு வந்த கதை, முதல் அடித்த குண்டுதான் காரணம், போருக்குப் பொலிசி இல்லை. 1918இல் பிரபுக்கள் சபை நோர்விச் யூனியன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காப்புறுதி படிக்கும் எந்த மாணவனும் தாண்டிப் போகமுடியாத வழக்கு.

அன்றைக்கு முதல் அடிதான் காரணம், பிறகு வந்த தண்ணி கணக்கில்லை என்றது உங்கள் தொழில். இன்றைக்கு என் வானில் பிறகு வந்த தண்ணிதான் காரணம், முதல் அடி கணக்கில்லை என்கிறது அதே தொழில். நீர்மூழ்கி அடித்தால் குண்டு, மரம் அடித்தால் மழை. நூறு வருசத்துக்கு மேலாக எது பணம் கொடுக்காமல் விடுமோ அதுவே காரணம் என்ற கொள்கையில் மட்டும் நீங்கள் ஆடாமல் அசையாமல் நிற்கிறீர்கள். இந்த உறுதி எங்கள் கூரைப்பட்டிக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

அடையாளங்களைப் படமெடுத்து, அளந்து, அதிகாரிகளுக்கு அனுப்பி, நம்புவார்களா என்று காத்திருப்பது எங்கள் சனத்துக்குப் புதிய வேலை அல்ல. முதுகில் சூட்டுத் தழும்போடு இந்த நாட்டுக்கு வந்தவர்களின் தழும்பை மருத்துவர்கள் அளந்து எழுத ஒரு சர்வதேச நெறிமுறை இருக்கிறது. 1999இல் இஸ்தான்புல் பெயரில் வந்தது. பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது என்று தொடங்கி ஐந்து படி. கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், அந்தத் தழும்புகளை அவரே விரும்பி இன்னொருவரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்ற வாதம் நீதிமன்றப் படிகள் ஏறி, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் முதுகைத் தானே சுடக்கொடுப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அங்கேதான் ஒழுங்காக யோசித்தார்கள். வழக்கை மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் பொறியியலாளரின் அறிக்கையில் 'பொருந்தக்கூடியது, எனினும்' என்ற தொடரைக் கண்டதும் எங்கேயோ வாசித்த நடையாக இருக்கிறதே என்று பட்டது. நான் கிளையைக் கூப்பிட்டு விழுத்தியதாக நீங்கள் இன்னும் எழுதவில்லை. அதற்கு நன்றி.

ஆனால் கிட்டத்தட்ட எழுதிவிட்டீர்கள். இந்த இழப்பீடு உங்கள் பதிவில் 'தவறு உள்ளது' என்ற பக்கத்தில் ஏறியிருக்கிறது. செலவை வேறு யாரிடமிருந்தும் திரும்ப அறவிட முடியாவிட்டால் அது பொலிசிக்காரன் தவறு என்பது உங்கள் மரபாம். மரத்திடம் அறவிட முடியாது, ஆகவே வான் வீட்டு முற்றத்தில் நிற்க, மேலே நித்திரை கொண்ட நான் தவறாளி. இழப்பீடில்லாக் கழிவும் போகும், அடுத்த வருசக் கட்டணமும் ஏறும். போதாக்குறைக்கு, கடைசியாக வானை எடுத்தது 'இன்பப் பயணத்துக்கா' என்றும் கேள்வி. வேல்ஸில் ஸ்கந்தவேல் முருகனிடம் போனோம். எம்-4 நெடுக மாமி கந்தசஷ்டி கவசம் படிக்க, பின்னால் பிள்ளைகள் சண்டைபிடிக்க, நான் ஓடினேன். இன்பமா இல்லையா என்பதை உங்கள் இழப்பு மதிப்பீட்டாளர் ஒருமுறை எங்களோடு வந்து பார்த்துத் தீர்மானிக்கலாம். இருக்கைப்பட்டி உண்டு.

உங்களிடம் முறைப்பாடு கொடுத்தால் இறுதிப் பதில் தர உங்களுக்கு எட்டு வாரம் இருக்கிறது. தராவிட்டாலும், தந்தது பிடிக்காவிட்டாலும், நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு நான் போகலாம். எனக்கு ஒரு பென்சும் செலவில்லை. 2017 மே மாதம் தொடக்கம் எழுதப்பட்ட பொலிசிகளில், நியாயமான காலத்துக்குள் பணம் கொடுப்பதும் ஒப்பந்தத்தின் பகுதி என்று 2015ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின் 13ஏ பிரிவு சொல்கிறது. இந்தக் கடிதத்தை முறைப்பாடாகவே பதிந்துகொள்ளுங்கள். ஈரமானிக் கட்டம், திருகாணிப் படங்கள், அண்ணையின் மதிப்பீடு, படங்கின் பற்றுச்சீட்டு, இக்காரியா வழக்கின் தீர்ப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கிளை தபாலில் போகாது என்றார்கள், நேரில் வந்து பார்க்கலாம்.

பொறியியலாளரை அனுப்புவதானால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வேண்டாம், கோயிலுக்குப் போய்விடுவோம். வருகிறவர் தன்னுடைய ஏணியோடு வரவேண்டும். எங்கள் வீட்டு ஏணியின் முதற்படியை விபத்துக்கு முன் யாரும் படமெடுக்கவில்லை.

இப்படிக்கு,
நித்திரையில் தவறிழைத்த பொலிசிக்காரர்