கொக்கியே போடாத கொக்கிக்காரர்

1895 ஆகஸ்ட் 29. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜார்ஜ் ஓட்டல். வடக்கத்தி ரக்பி கிளப்காரர்கள் அங்கே கூடி, தெற்கத்தி கனவான்களோடு பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். சண்டை சில்லறை விஷயத்துக்குத்தான், நிஜமாகவே சில்லறை. சனிக்கிழமை சுரங்க வேலையை விட்டுவிட்டு ஆட வருகிறவனுக்குப் போன கூலியாக ஆறு ஷில்லிங் தரலாமா, கூடாதா? தந்தால் விளையாட்டின் மானம் போய்விடும் என்று, கூலி வேலைக்கே போயிராதவர்கள் கவலைப்பட்டார்கள்.

தனிக்குடித்தனம் வந்தவர்கள், அதாவது பின்னாளின் ரக்பி லீக்காரர்கள், பழைய வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தெருவில் வீசினார்கள். 1897-இல், பக்கக்கோட்டில் வரிசை கட்டிப் பந்துக்கு எம்பும் லைன்-அவுட் போயிற்று. 1906-இல் பதினைந்து பேரில் இரண்டு பேருக்குச் சீட்டைக் கிழித்தார்கள். காசு கொடுத்து வருகிறவன் பந்தைப் பார்க்க வேண்டும், குனிந்த முதுகுகளை அல்ல. நியாயம்தானே?

மிஞ்சிய பதின்மூன்று பேரும் கல்யாணச் சமையல் கோஷ்டி மாதிரி. காய் நறுக்குகிறவர் கரண்டியைத் தொடமாட்டார். ப்ராப் என்றால் முட்டுக்கட்டை, மோதுவார். விங்கர் கோட்டோரம் நின்று குளிரில் நடுங்குவார், பந்து வந்தால் ஓடுவார்.

இந்தக் கோஷ்டியில் நம் கதாநாயகர் ஹூக்கர். (வேறு அர்த்தம் தெரிந்தவர்கள் மனதோடு வைத்துக்கொள்ளவும்.) இரண்டு ப்ராப்களின் தோளில் கைபோட்டுத் தொங்கிக்கொண்டு, இரு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டும் ஸ்க்ரம்முக்குள் உருண்டு வரும் பந்தைக் காலால் கொக்கி போட்டுப் பின்னால் இழுத்துவிடுவார். நடுவரின் கண் எட்டாத அந்த இருட்டில் உதை, கடி, வசவு எல்லாம் தொழில் நுணுக்கத்தில் சேர்த்தி. அவர் கால் சறுக்கினால் அன்றைக்குப் பந்து தரிசனமே கிடையாது. எத்தனை டேக்கிள் (பிடித்துக் கீழே சாய்ப்பது) வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு எதிரணி அதை அடைகாக்கும்.

இந்த அடைகாப்புக்கு 1966-இல் இங்கிலாந்தில் நான்கு டேக்கிள் என்று வரம்பு வந்தது, பிற்பாடு ஆறானது. சிட்னியில் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை வரிசையாக 11 பட்டம் வென்றிருந்தது. 1967-இல் அங்கேயும் வரம்பு வந்தது, அந்த வருஷமே பட்டம் கைமாறியது. தற்செயல் என்று அந்தப் பேட்டையில் சொல்லிப் பாருங்கள்.

அப்போதும் ஹூக்கருக்குப் பிழைப்பு இருந்தது. கணக்கு முடிந்ததும் ஸ்க்ரம்தான் போட்டார்கள். 1983-இல் அதுவும் போயிற்று: ஆறு முடிந்ததா, பந்தைப் பேசாமல் எதிராளியிடம் கொடு. மிச்சமிருந்த ஸ்க்ரம்களிலும் நாளடைவில் தள்ளுமுள்ளு நின்றது. கொக்கிக்கு வேலை போயிற்று, பட்டப்பெயர் மட்டும் பென்ஷன் மாதிரி தொடர்கிறது.

மெல்போர்ன் ஸ்டார்மின் கேமரன் ஸ்மித்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.லில் 430 ஆட்டம் ஆடிய ஹூக்கர். பாஸ் கொடுத்தார், கோல் உதைத்தார், ஆட்டத்தையே ஓட்டினார், ஓய்வு பெறும்போது அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். கொக்கி? மீன் பிடிக்கப் போனால் போட்டிருப்பாரோ என்னவோ.

ஒருவர் எல்லை தாண்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? லாக் என்றால் ஸ்க்ரம்முக்குப் பின்பக்கத் தாழ்ப்பாள். ஜேசன் தௌமலோலோ அந்தச் சட்டையில் வந்து கதவையே பெயர்த்துக்கொண்டு போனார், அசல் ப்ராப் வேலை. கிரெக் இங்லிஸ் விங், சென்டர், ஃபைவ்-எய்ட்த், ஃபுல்பேக் என்று வாடகை வீடு மாற்றுவதுபோல மாறினார். 2007 இறுதியாட்டத்தில் ஃபைவ்-எய்ட்தாக ஆட்டநாயகன், 2014-இல் ஃபுல்பேக்காகக் கோப்பை. குளிரில் நடுங்கிய விங்கர்கூட இப்போது தன் கோட்டருகே பந்தை வாங்கி, ப்ராப்களுக்கு முன்னால் போய் முதல் இடியை வாங்குகிறார்.

ஸ்க்ரம் இன்றும் உண்டு. ஆறு ஆறு பேராக, கூட்ட பஸ்ஸில் அலுத்துப்போன பயணிகள் மாதிரி, ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள். ஹாஃப்பேக் பந்தைத் தன் ஆட்களின் பின்வரிசைக் காலடியிலேயே போடுகிறார். நடுவர் வேறு எங்கோ பார்க்கிறார். நடுவில் ஹூக்கர், இரண்டு தோள்களில் கைபோட்டபடி, மூச்சு வாங்கிக்கொள்கிறார்.