பாதாள யாத்ரீகர்

லண்டனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. ஒசாகாவிலிருந்தும் வருவார், ஒஹாயோவிலிருந்தும் வருவார், ஓசூரிலிருந்தும் வருவார். எங்கிருந்து வந்தாலும் ஆள் ஒரே ஆள்தான். ஊரில் கால் வைத்ததும் பாதாள ரயில் வரைபடம் ஒன்றை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அதோடு லண்டன் முடிந்தது. இனி அவருக்கு அந்தக் காகிதம்தான் ஊர். அவருடைய லண்டனில் தெரு கிடையாது, திசை கிடையாது, நிறம் மட்டும்தான் உண்டு. செயின்ட் பால் தேவாலயம் சிவப்புக் கோட்டில் இருக்கிறது. மெழுகுச் சிலைகளைப் பார்க்க வேண்டுமானால் ஐந்து நிறங்கள் கூடுகிற பேக்கர் ஸ்ட்ரீட். கோட்டில் இல்லாத இடம் எதுவானாலும், 'அது ஊருக்கு வெளியேங்க' என்று சொல்லிவிடுவார்.

இவர் பயணம் செய்யும் அழகைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் மேற்கு லண்டனில் குவீன்ஸ்வே என்ற தெருவுக்குப் போக வேண்டும். தெருவின் கோடியில் குவீன்ஸ்வே ஸ்டேஷன். அதே தெருவில் சற்றுத் தள்ளி பேஸ்வாட்டர் ஸ்டேஷன். நடந்தால் இரண்டு நிமிடம். ஆனால் வரைபடத்தில் இரண்டும் வேறு வேறு கோடுகளில், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல் நிற்கும். ஆகவே நம்மவர் லிஃப்டில் கீழே இறங்குவார். சிவப்பு ரயிலில் மேற்கே ஒரு ஸ்டேஷன் போய் நாட்டிங் ஹில் கேட்டில் இறங்குவார். எஸ்கலேட்டரில் விதிப்படி வலப்பக்கம் ஒதுங்கி நின்று மேலே வந்து, மஞ்சளோ பச்சையோ எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்து, கிளம்பிய பக்கமே ஒரு ஸ்டேஷன் திரும்புவார். பேஸ்வாட்டரில் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்து, "இருபதே நிமிஷம்! பாத்தியா?" என்பார் மனைவியிடம். அந்த அம்மாள் பதில் பேச மாட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன் தாங்கள் பழம் வாங்கிய கடையை எதிரே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவரை முட்டாள் என்று எழுதிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது நியாயமில்லை. வரைபடத்தை வரைந்த ஹாரி பெக் சிக்னல் பிரிவில் படம் வரைகிற வேலை பார்த்தவர். 1931இல் அவர் அதைக் கொண்டுபோனபோது நிர்வாகம் வேண்டாம் என்றது. 1933இல்தான் தயங்கித் தயங்கி அச்சிட்டது. தரைக்குக் கீழே போகிறவனுக்கு மேலே என்ன இருக்கிறது என்பது எதற்கு என்பதே பெக்கின் கேள்வி. கோடுகளையெல்லாம் நெடுக்காகவும் கிடையாகவும் 45 பாகைச் சாய்வாகவும் நிமிர்த்தினார். நெரிசலான நடு ஊரை விரித்தார், நீண்டு கிடந்த புறநகரைச் சுருக்கினார். எந்த ரயிலில் ஏறுவது, எங்கே மாறுவது என்ற இரண்டு கேள்விகளுக்கு அதைவிடத் தெளிவாகப் பதில் சொல்கிற காகிதம் இன்றைக்கும் அபூர்வம். நம்மவர் செய்கிற தவறு மூன்றாவதாக ஒரு கேள்வியை அதனிடம் கேட்பது: எவ்வளவு தூரம்? ஜாதகக் கட்டத்தைப் பார்த்துச் சனிக்கும் செவ்வாய்க்கும் இடையே எத்தனை மைல் என்று யாரும் அளப்பதில்லை. இவர் அளக்கிறார். லெஸ்டர் ஸ்கொயருக்கும் கவென்ட் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். பாதாள ரயிலில் இதைவிடக் குறுகிய இடைவெளி இல்லை. வரைபடத்தில் மற்ற ஸ்டேஷன்களைப் போலவே இதுவும் மரியாதையான தூரமாகத் தெரிவதால், ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிடம்கூட நீடிக்காத பயணம் செய்து, கவென்ட் கார்டனில் லிஃப்டுக்கு வரிசையில் நிற்பார். வரிசை பொறுக்காமல் சுழல் படிக்கட்டைத் தேர்ந்தெடுத்தால் 193 படி.

நேரம் போவது பெரிய நஷ்டமில்லை. சுற்றுலா வந்தவருக்கு நேரம்தானே உண்டு. நஷ்டம் வேறு. பார்லிமெண்ட் மணிக்கூண்டிலிருந்து டிரஃபால்கர் சதுக்கத்துக்கு ஒயிட்ஹால் என்ற ஒரே நேர் சாலை. கால் மணி நேர நடைக்குள் போர் நினைவுத் தூண், பிரதமர் வீட்டுத் தெருவின் இரும்புக் கதவு, குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காவல் வீரர்கள் எல்லாம் வரிசையாக வரும். இவர் வெஸ்ட்மின்ஸ்டரில் கீழே இறங்கி, எம்பாங்க்மென்ட்டில் மாறி, சேரிங் கிராஸில் முளைப்பார். மறுநாள் ஹோட்டல்காரரிடம் போய், "அந்தக் குதிரை வீரர்களைப் பார்க்கணுமே, எந்த ஸ்டேஷன்?" என்று விசாரிப்பார். இவருக்கு ஊர் என்பது ஒரு டஜன் துவாரங்கள். ஒரு துவாரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருட்டு.

மழை, முழங்கால் வலி, கையில் பெட்டி, இந்த நிலையில் நடக்கவா சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கலாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிக்கடிலி ரயிலில் ஊருக்குள் வருகிறவரை யாரும் குறை சொல்லப்போவதில்லை. தூரப் பயணத்துக்கு இந்த ரயில் அருமையானது. ஆனால் முழங்காலைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வழக்கு இவருக்கு எதிராகத்தான் திரும்பும். 272 ஸ்டேஷன்களில் படி ஏறாமல் போய்வர வசதியுள்ளவை மூன்றில் ஒரு பங்குதான். மாறுகிற ஸ்டேஷன்களில் சுரங்க நடை வேறு. கிரீன் பார்க்கில் ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர், மேலே நடந்திருந்தால் பாதி பூங்காவைச் சுற்றியிருக்கலாமே என்று யோசிக்கிற அளவுக்கு. தாழ்தள சிவப்பு பஸ் வாசலிலேயே வந்து நிற்கிறது. முதல் பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். மாடியில் முன் ஸீட் கிடைத்தால் ஊரே படம் ஓட்டிக் காட்டும். இருந்தும் ஏற மாட்டார். பஸ் எங்கே திரும்பும் என்று அவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவர் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு வேகத்துக்கு அல்ல, தொலைந்துபோகாமல் இருப்பதற்கு. பாதாளத்தில் தப்பான ஸ்டேஷனில் இறங்கினால்கூட அதற்கும் வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தெருவில் தப்பாகத் திரும்பினால் பெயரில்லாத ஓர் இடத்தில் அல்லவா நிற்க வேண்டியிருக்கும்!

இதெல்லாம் வெளியூர்க்காரரின் வெகுளித்தனம், உள்ளூர்க்காரர் இப்படி ஏமாற மாட்டார் என்பது அடுத்த வாதம். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2011இல் லண்டன் பயணிகளையே ஆராய்ந்தார். பேடிங்டனிலிருந்து பாண்ட் ஸ்ட்ரீட் போக அன்றைக்கு இரண்டு வழி இருந்தது. நாட்டிங் ஹில் கேட் வழி வரைபடத்தில் குட்டை, பயணத்தில் நீளம். அப்படியும் பத்தில் மூன்று பேர் அந்த வழியில்தான் போனார்கள். பயணிகள் தாங்கள் அனுபவத்தில் அறிந்த நேரத்தைவிடப் படத்தில் தெரியும் நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது அவர் முடிவு. 2009இல் வரைபடத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று தேம்ஸ் நதியை எடுத்துவிட்டபோது கூச்சல் போட்டவர்களும் லண்டன்காரர்கள்தான். மேயர் போரிஸ் ஜான்சன் தலையிட்டு நதியைத் திரும்ப ஓடவிட்டார். உண்மையான தேம்ஸ் அத்தனை நாளும் அதன் இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, நம்மவரிடம் இருப்பது அந்த ஊர்க் காற்றோடு ஒட்டுகிற வியாதி. இவருக்கு ஒரே வாரத்தில் முற்றிவிடுகிறது.

கைப்பேசி வந்தபின் இந்த ரகம் அழிந்துவிட்டது என்பாரும் உண்டு. அழியவில்லை. நடந்தால் ஒன்பது நிமிடம், ரயிலில் பதினொன்று என்று கைப்பேசி சொன்னால் இவர் அந்த ஒன்பதைத்தான் சந்தேகிப்பார். ஒன்பது நிமிட நடையில் நாலு திருப்பம். ரயிலில் ஒரு மாற்றம். இவர் கணக்கில் பதினொன்றே சிறியது. போக்குவரத்து நிர்வாகமே பொறுக்காமல், பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கு இடையே நடந்தால் எத்தனை நிமிடம் என்று கோடுகளின் மேலேயே குறித்து 2015இல் தனியாக ஒரு வரைபடம் வெளியிட்டது. நம்மவரிடம் அதுவும் இருக்கிறது. நல்ல வரைபடம், நிமிடக் கணக்கெல்லாம் போட்டிருக்கிறான் என்று பாராட்டவும் செய்வார். லெஸ்டர் ஸ்கொயரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் அதைப் பிரித்து, கவென்ட் கார்டன் வருவதற்குள் படித்து முடிக்க முடியவில்லையே என்று குறைப்படுவார்.