நூல் பிடித்த காலம்

தேவகோட்டையில் பழைய செட்டியார் வீடு எதற்குள்ளாவது நீங்கள் போயிருந்தால், ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் வாய் பிளந்து பார்த்து முடித்த பிறகு, கொஞ்சம் கழுத்தை உயர்த்தி உத்தரத்துக்குக் கீழே ஓடும் வயர்களையும் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையென்றால் இன்னொரு முறை போய் வருவதில் தப்பில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய வழவழப்பான சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் வயர்களைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, சின்னச் சின்ன கிளிப்புகளால் மடக்கிப் பிடித்திருப்பார்கள். என் அப்பா செய்தது அந்த வேலைதான். நூலில் நீலப்பொடி தடவி ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார். சுவரில் கோடு விழும். மூலையில் வயர் திரும்புகிற இடத்தில் கட்டைவிரலால் நீவி நீவி, மடிப்பு என்று சொல்ல முடியாத ஒரு மடிப்பைக் கொண்டுவருவார். வேலை முடிந்ததும் வீட்டு ஆச்சி வந்து நின்று பார்ப்பார்கள். லைட் எரிகிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் கோடு நேராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்பா சுவரில் ஓட்டினார், நான் திரையில் ஓட்டினேன். காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் சென்னைக்குப் போய், கிண்டி தொழிற்பேட்டையில் மோட்டார், பம்பு இவற்றுக்குச் சோதனை மேடை செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தபோது, எனக்கு வாய்த்தது லேப்வியூ. 1986-இல் ஆஸ்டின் நகரத்து நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்கென்று வெளியிட்ட சரக்கு. அதன் தந்தை என்று ஜெஃப் கொடோஸ்கியைச் சொல்வார்கள். விண்டோஸுக்கு அது வந்து சேர 1992 ஆயிற்று. மற்றவர்கள் வரிவரியாக நிரல் எழுதிக்கொண்டிருந்தபோது, நாங்கள் கூட்டலுக்கு ஒரு பெட்டி, கழித்தலுக்கு ஒரு பெட்டி என்று வைத்து, நடுவில் வயர் இழுத்துக்கொண்டிருந்தோம். முழு எண் போகும் வயர் நீலம், தசம எண்ணுக்கு ஆரஞ்சு, ஆம்-இல்லை என்பதற்குப் பச்சை, எழுத்துக்கு இளஞ்சிவப்பு. வயர் இழுக்கும் கருவியின் சின்னம் ஒரு குட்டி வயர்ச் சுருள். அதன் அவிழ்ந்த நுனியைத்தான் பெட்டியின் முனையில் கொண்டுபோய்த் தொட வேண்டும். அதை முதன்முதலாகத் திரையில் பார்த்த அன்று, எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்த வயர்ச் சுருளைச் சுண்டெலி அளவுக்குச் சுருக்கி யாரோ உள்ளே வைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அந்தக் காலத்து ஒழுக்கங்கள் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். இடமிருந்து வலமாகத்தான் வயர் ஓட வேண்டும். பெட்டிக்கு அடியில் புகுந்து போகக் கூடாது, எங்கே நுழைந்தது எங்கே வெளியே வந்தது என்று தெரியாது. முழுப் படமும் ஒரே திரைக்குள் அடங்க வேண்டும், அந்தத் திரையோ பதினான்கு அங்குலம். வயர் இழுத்துக்கொண்டே ஸ்பேஸ் பாரைத் தட்டினால், மேலே போய் வலப்பக்கம் திரும்ப வேண்டியது முதலில் வலப்பக்கம் போய்ப் பிறகு மேலே ஏறும். இதைக் கண்டுபிடித்த நாளில் தேரோட்டத் தெரிந்துகொண்டவன் மாதிரி ஒரு தெம்பு வந்தது. தப்பாக ஒரு பெட்டியை அழித்துவிட்டால் அழித்ததுதான். செய்ததைத் திரும்பப் பெறும் வசதியே 1998-இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை கிடையாது என்றால், இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. நாங்கள் எல்லோரும் குகையில் வசித்தோமா என்பது போலப் பார்க்கிறார்கள்.

பெட்டி இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் நடுவயரில் ஒரே ஒரு பிக்சல் அளவுக்கு ஒரு படி விழும். அந்தப் படியைப் பார்த்துவிட்டு என்னால் சாப்பிடப் போக முடியாது. அம்புக்குறி விசையை ஒரு தட்டு தட்டினால் பெட்டி ஒரு பிக்சல் நகரும். தட்டித் தட்டி, அது நேரானதும் பக்கத்து வயர் கோணி, அதைச் சரிசெய்ததும் அடுத்தது கோணி, இப்படியே மின்ரயில் கூட்டம் குறையும்வரை உட்கார்ந்திருப்பேன். மேலாளர் வந்து நின்றால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, படம் முழுசாகத் தெரிகிற மாதிரி இடம் விடுவேன். அவர் படத்தைப் பார்க்கவே மாட்டார். “ஆர்பிஎம் வருதாப்பா?” என்பார். தேவகோட்டை ஆச்சிமார் யாராவது எனக்கு மேலாளராக வாய்த்திருக்கலாம்.

2008-இல் எட்டுப் புள்ளி ஆறு வந்தது. கன்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்தினால், சிதறிக் கிடக்கிற படம் தானே ஒதுங்கி நிற்கும்: உள்ளே வருவதெல்லாம் இடப்பக்கம், வெளியே போவதெல்லாம் வலப்பக்கம், நடுவில் வயர்கள் நெளியாமல். முதல் தடவை அழுத்தியபோது எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இன்றுவரை தீர்மானிக்கவில்லை. இதற்காகவா அத்தனை மின்ரயிலை விட்டேன்? பிறகு கிட்டப் போய்ப் பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆறிற்று. நான் எழுதி வைத்திருந்த குறிப்புகள் உரிய பெட்டியை விட்டு எங்கோ போய் நின்றன. ‘இதைத் தொடாதே’ என்றது எதைத் தொடாதே என்று தெரியாமல் வெட்டவெளியில் கிடந்தது. குறிப்பைப் பெட்டியோடு அம்புக்குறி போட்டுக் கட்டிவைக்கும் வசதி 2013-இல்தான் வந்தது.

இயந்திரத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. தடைகளுக்கு நடுவே இரு புள்ளிகளைக் குறுக்கு வழியில் இணைப்பது எப்படி என்று சி. ஒய். லீ 1961-லேயே எழுதிவிட்டார். தொடங்கும் இடத்திலிருந்து அலை பரவுவதுபோல் கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே போய், சேரவேண்டிய இடம் தட்டுப்பட்டதும் எண்ணிய வழியே திரும்பி வருவது. சர்க்யூட் போர்டில் செம்புத் தடம் போடுகிறவர்கள் அதை வைத்துப் பிழைத்தார்கள். ஒரு வயருக்கு அது சரி. ஒரு முழுப் படத்தில் வயர்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை ஆகக் குறைவாக்குவது, படம் பெருகப் பெருக எந்தக் கணினியையும் திணறடிக்கும் வகைக் கணக்கு என்று கேரியும் ஜான்சனும் 1983-இல் நிறுவினார்கள். ஆக, அதுவும் என்னைப் போலவே குத்துமதிப்பாகத்தான் அடுக்குகிறது. வேகமாக அடுக்குகிறது, அவ்வளவே.

ஆனாலும் ஒன்று போயிற்று. ஒரு வயர் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போகிறது என்றால், அதை நேராக்க முடியாமல் அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு, ‘இந்த எண் இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?’ என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியில் சில சமயம் பாதி நிரலே தேவையில்லை என்று தெரிந்துபோகும். பல சமயம் ஒன்றும் தெரியாது, வயர் மட்டும் அழகாகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஊரில் அந்த வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றுகிறார்கள். ரீப்பரைப் பெயர்த்துவிட்டு, அந்தப் பூச்சையே காடி வெட்டி, பைப் புதைத்து, மேலே பூசி மறைக்கிறார்கள். சுவர் வெறுமையாக, படு சுத்தமாக இருக்கிறது. ஏசி ஓடுகிறது, ரீப்பர் காலத்தில் விசிறி பட்ட பாடு எனக்குத் தெரியும், புழுக்கத்துக்காக யாரும் கண்ணீர் விடவேண்டாம். ஆனால் காந்தி படம் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் வீடே கூடி நின்று, “இங்கே வயர் போகுதா, அங்கே போகுதா” என்று சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்கிறது.

போன பொங்கலுக்கு அக்கா மகன் மடிக்கணினியோடு வந்திருந்தான். அவனுக்கும் லேப்வியூதான் சோறு போடுகிறது. என் பழைய புராணத்தைக் கேட்டுவிட்டு, “ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சுச்சு, இதுக்குப் போயி உக்காந்து நகத்துவாங்களா மாமா?” என்று சொல்லி, தட்டியும் காட்டினான். படம் முழுவதும் குதித்து இடம் மாறியது. நடுவிலிருந்த ஒரு சுழற்சிக் கட்டம் மட்டும் உள்ளே ஒரு பெட்டிகூட அசையாமல் அப்படியே நின்றது. என்னடா இது என்றேன்.

“அத மட்டும் க்ளீனப்புலேருந்து எடுத்து விட்டிருக்கேன் மாமா,” என்றான் பையன், மடிக்கணினியைத் தன் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டு. “அது நான் கையால அடுக்குனது. அது பாட்டுக்குக் கலைச்சு விட்டுரும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது ஆரஞ்சு வயரில் ஒரு பிக்சல் படி இருந்தது. சொன்னேன்.