கடற்கரை ஏற்காடு: குறிஞ்சி நெய்தலாகத் திரிந்தமை குறித்து

வெப்பமண்டலக் கடற்கரையில், கையைக் கடிக்காத செலவில், இரண்டே கால் வயதுக் குழந்தையோடு விடுமுறை கழிக்க ஏற்ற இடம் ஏற்காடு என்பது இக்கட்டுரையின் துணிபு. ஏற்காட்டில் ஏது கடல் என்று முதல் வரியிலேயே எழுந்து நிற்பவர்கள் தயவுசெய்து உட்காரவும். இதைவிடப் பெரிய ஓட்டைகளோடு முனைவர் பட்ட ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் நிமிர்ந்து நிற்கின்றன.

முதலில் சிக்கலின் தோற்றம். சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீடு, இரவு எட்டரை மணி, ரசம் சாதம். படப்புத்தகத்தில் கடல் இருந்த பக்கம் விரிந்து கிடந்தது. "இந்த ஒரு வாய் வாங்கிக்க சாமி, கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் இணை ஆய்வாளர், அதாவது என் மனைவி. வாய் திறந்தது, சோறு இறங்கியது, வாக்குறுதி மட்டும் செரிக்காமல் நின்றுவிட்டது. மறுநாள் கண் விழித்ததும் மேற்படியார் (ஆய்வில் பாசம் கலக்கக் கூடாது என்பதால் மகனை இனி இவ்வாறே குறிப்பிடுவோம்) கேட்ட முதல் கேள்வி: "கட்டல்?"

இவ்வயதைப் பற்றி முன்னோர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினோம். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கின்றன. செங்கீரையில் தலையெடுத்து ஆடுகிறது, சப்பாணியில் கை கொட்டுகிறது, வருகையில் நடந்து வருகிறது. அம்புலியில் நிலாவை விளையாடக் கூப்பிடுகிறார்கள். அதற்கடுத்து ஆண்பிள்ளைக்குச் சிற்றில், அதாவது சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் எற்றிக் கலைக்கும் பருவம். அம்புலிக்கும் சிற்றிலுக்கும் நடுவே 'மாட்டேன்' பருவம் என்று ஒன்று இருப்பதைப் புலவர் எவரும் பாடவில்லை. பாட்டுடைத் தலைவர் செருப்புப் போட மாட்டேன், போட்டதைக் கழற்ற மாட்டேன் என்று நடுக்கூடத்தில் குப்புறப் படுத்திருக்கும்போது விருத்தத்துக்குச் சீர் கிடைக்காது என்பது காரணமாகலாம். அது கிடக்கட்டும். சிற்றில் பருவத்துக்கு மணல் வேண்டும். ஆகவே குழந்தைக்குக் கடற்கரை ஆடம்பரம் அன்று, இலக்கண விதி.

அடுத்துப் பொருளியல். கோவாவை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயது நிறையும்வரை விமானத்தில் குழந்தை மடியில் வரலாம். நிறைந்துவிட்டால் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். அந்த இருக்கையில் மேற்படியார் உட்காரப் போவதில்லை என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரயிலிலோ, தனிப் படுக்கை கேட்காதவரை, 5 வயதுக்குள் சீட்டே வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் 3 வயதாக இருந்த இலவச வரம்பை 2022இல் 5 ஆக உயர்த்தினார்கள். ஆக, ஒரே குழந்தை வானத்தில் முழு ஆள், தரையில் ஆளே இல்லை. தகப்பன் தரையிலேயே நிற்க இதைவிடக் காரணம் வேண்டுமா?

தரைவழிக் கடல்கள் பல. புதுச்சேரி இருநூறு கிலோமீட்டர். ஊர் முகப்பில் பெரும்பாலும் பாறாங்கல், சிற்றிலுக்கு உதவாது. மகாபலிபுரத்தில் மணல் உண்டு. ஆனால் சென்னையில் சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் மகாபலிபுரம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினோம் என்பது தெரிந்தால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார முடியாது. அந்தமானுக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் என்று சொல்லத் தொடங்கினேன். இணை ஆய்வாளர் பார்த்த பார்வையில் கப்பல் மூழ்கியது.

எஞ்சியது ஏற்காடு. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஏழைகளின் ஊட்டி என்று ஏற்கெனவே பெயர் வாங்கிய ஊர். ஏழைகளின் ஊட்டியாக இருக்க முடிந்தால் ஏழைகளின் கோவாவாக இருக்க முடியாதா என்பதே எங்கள் கருதுகோள்.

சான்றுகளுக்குக் குறைவில்லை. ஏற்காட்டைப் பற்றி யார் எழுதினாலும் கடலைச் சொல்லாமல் தொடங்குவதில்லை: 'கடல் மட்டத்திலிருந்து 1,515 மீட்டர்'. கடலோர ஊர்களே கடலை இவ்வளவு விசுவாசமாக நினைவுகூர்வதில்லை. வெப்பமண்டலம் என்ற தகுதியும் உண்டு. கடக ரேகை 23½ டிகிரியில் ஓடுகிறது. ஏற்காடு 12 டிகிரிக்கும் சற்றுத் தெற்கே. அங்கே போடுகிற ஸ்வெட்டர் வெப்பமண்டல ஸ்வெட்டரே.

மொழியியல் சான்று இன்னும் வலிது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்பது ஊரறிந்த பெயர்க்காரணம். இதில் எமக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதாக 'எற்பாடு' என்பதைச் சொல்கிறது. எல் என்றால் கதிரவன், பாடு என்றால் படுதல், எனவே பொழுது சாயும் நேரம் என்று பொருள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பழைய ஏடுகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியையும் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் குத்தாமல் விட்டார்கள். ககரம் பகரமாக ஒரு கரையான் போதும். தொல்காப்பியர் நெய்தலுக்கு ஒதுக்கியது பொழுதை அன்று, ஊரை. 'ஏற்காடு' என்றுதான் எழுதியிருப்பார்.

உரிப்பொருளைக் கொண்டு பார்த்தால் மிச்சமிருக்கும் ஐயமும் தீரும். குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல். மேற்படியார் நடுவில் குறுக்காகப் படுத்திருக்கும் விடுதிக் கட்டிலில் குறிஞ்சியின் உரிப்பொருளுக்கு இடமில்லை. பால் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது யார் என்ற தலைப்பில் இரவு பதினொரு மணிவரை நிகழ்ந்தது இரங்கல். இரங்கல் நிகழும் நிலம் நெய்தல். மழை பொய்த்தால் குறிஞ்சி பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னார். பிள்ளை பிறந்தால் குறிஞ்சி என்னவாகும் என்று அவர் சொல்லவில்லை. துறவி, பாவம்.

இனிக் கள ஆய்வு. பேருந்து அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பதால் தரவு திரட்டுவது எளிது. 4இல் மேற்படியார் சிரித்தார். 9இல் மௌனம். "ஏங்க, மூஞ்சி வெளுக்குது பாருங்க" என்றார் இணை ஆய்வாளர். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே காட்டினோம், கடித்துவிட்டார். 13இல் காலையில் சாப்பிட்ட இட்லி இரண்டும் வெளிப்போந்தன. 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. கையில் இருந்தது மஞ்சப்பை. மஞ்சப்பையின் பெருமைகள் பல. நீர் தாங்குதல் அவற்றுள் ஒன்றன்று. பின் சீட்டுப் பாட்டி ஒருவர், யார் என்ன என்று கேட்காமல், தன் முந்தானையால் என் முழங்காலைத் துடைத்துவிட்டார்.

ஏரிக்கரையில் நின்று, "கடல் பாரு சாமி" என்றோம். ஆய்வறம் கருதி ஒப்புக்கொள்கிறேன், பொய்தான். மேற்படியார் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குழாயடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணா பூங்கா, பகோடா பாயிண்ட் எல்லாம் எங்களுக்குக் குழாய்கள் உள்ள இடம், குழாய்கள் இல்லாத இடம் என்றே நினைவிருக்கின்றன. லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் முழுவதும் தெரிகிறது. செலவழித்து மலையேறி வந்த சேலத்துக்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கள் வீடு எந்தப் பக்கம் என்று தேடுகிறார்கள். நாங்களும் தேடினோம். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்காமல் வந்தது இணை ஆய்வாளருக்கு அங்கேதான் நினைவு வந்தது. ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்றும் இடங்கள் உண்டு. மேற்படியார் எதிலும் அமரவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காபி நட்டார். அந்தப் பரம்பரைக் காபியை மூன்று முறை வாங்கினோம், மூன்று முறையும் ஆறிப்போன பிறகே குடித்தோம்.

கண்டுபிடிப்பு இரண்டாம் நாள் காலையில் நிகழ்ந்தது. விடுதிக்குப் பின்புறம் ஏதோ அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டிக் கிடந்தது. மேற்படியார் நின்றார். எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நாலு காலில் உச்சிவரை ஏறி, உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து, இரு கையிலும் மணலை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டு, "கட்டல்!" என்று அறிவித்தார். கொத்தனார் கோபிப்பார் என்று பயந்தோம். "விடுங்க சார், எப்படியும் சலிக்கப் போறதுதானே" என்று ஒரு சிமென்ட் சட்டியையும் அரைச் சட்டித் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார். நான் சிற்றில் கட்டினேன். மேற்படியார் காலால் எற்றினார். ஏழு முறை. இணை ஆய்வாளர் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து நான்காவது காபியைச் சூடாகவே குடித்தார். ஒரு மணி நாற்பது நிமிடம் செல்போனை யாரும் கேட்கவில்லை.

எம்-சாண்ட் என்பது ஆற்றுமணல் அரிதான பிறகு பாறையை நொறுக்கிச் செய்கிற மணல். பாறையைப் பொடிமணலாக்க ஆறும் அலையும் யுகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வேலையைக் கிரஷர் ஒரு பகலில் முடிக்கிறது. மலையைக் கடற்கரையாக்குவது எங்கள் கற்பனை என்று யாரும் இனிச் சொல்ல வேண்டாம். லோடு கணக்கில் விற்கிறார்கள்.

குவியலின் அடியிலிருந்து மேற்படியார் ஒரு கல்லைப் பொறுக்கினார். நீலச் சாயல் ஓடும் கருஞ்சாம்பல் நிறம், ஒரு முனை கூர். ஏற்காடு அமர்ந்திருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பே சார்னகைட் என்னும் இவ்வகைப் பாறைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே பாறை என்பதால் அவர் பெயரையே இதற்கு வைத்தார்கள். கல் பொறுக்குவதை அற்பமாக நினைப்பவர்கள் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போகலாம். 1863இல் பல்லாவரத்துச் சரளையில் குனிந்து ஒரு கல்லை எடுத்து, இந்தியாவின் பழைய கற்கால வரலாற்றையே தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. ஓய்வுக்காலத்தில் அவர் குடியிருந்ததும் இவ்வூரில்தான். அவரும் எடுத்த கல்லைக் கீழே போட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறோம். மேற்படியார் குளிக்கும்போதும் போடவில்லை.

இதற்கிடையில் விடுதிப் பூனை வந்து, எட்டாவது சிற்றிலைத் தன் சொந்தத் தேவைக்காகத் தோண்டத் தொடங்கியதால் கள ஆய்வு நிறுத்தப்பட்டது.

சேலம் திரும்பிய அன்று மாலை அம்மாயி வந்திருந்தார். மேற்படியாரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தலைமுடியிலிருந்து உதிர்ந்த மணலைத் தட்டிவிட்டபடி, "என் தங்கம், கடலப் பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மியாவ்" என்றார் மேற்படியார்.