பைப் ரிப்பேர்

"ஏங்க, பைப்பைச் சரி பண்ணுங்கன்னு மூணு வாரமா சொல்றேன்" என்றாள் மனைவி. சமையலறையில் சொட்டுகிற பைப்பைத்தான் சொன்னாள். ஆனால் ஷோகேஸில் தாத்தாவின் புகையிலைப் பைப் இருக்கிறதே, அதுவும் பைப்தான். மனைவி சொல்லே மந்திரம் என்று இருப்பவன் நான். எந்தப் பைப் என்று மந்திரத்தில் இல்லை.

தாத்தா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். சீமைக்குத் திரும்பிய துரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது இது. வெற்றிலைக்காரரான தாத்தா அதைப் பற்றவைத்ததே கிடையாது. புகைத்தது துரை, போட்டோவுக்கு நின்றது தாத்தா, ரிப்பேர் மட்டும் என் தலையில்.

கிண்ணம் பிரையர்: மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிகா செடியின் வேர்முண்டு. லேசில் தீப்பிடிக்காது. வாய்க்குழல் எபோனைட். 1851-இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை வாங்கிய சரக்கு. ரப்பரில் கந்தகத்தைத் தாராளமாகக் கலந்து வேகவைத்தால் கட்டையாக இறுகிவிடும். பழைய மைப்பேனாக்களின் கறுப்பு உடம்பும் இதுதான். வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டால் பாசி படிந்தாற்போல் பச்சையும் பழுப்புமாகிவிடும்.

இரண்டையும் இணைப்பது ஓர் உலோகத் திருகு. கழற்றி மாட்டியே மரை தேய்ந்து, பன்னிரண்டு மணியில் நிற்க வேண்டிய வளைந்த குழல் ஒரு மணிக்குப் போய் நின்றது. வாயில் வைத்தால் கிண்ணம் தோளைப் பார்க்கும். போட்டோவில் தாத்தா பக்கத்தில் நிற்பவரைச் சந்தேகிப்பதுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் கழற்ற வேண்டுமே! பலவந்தமாகத் திருகினால் கழுத்து உடையும், குளிரவைத்தால் பிடி விடும் என்று கேள்வி. ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில் வைத்தேன். அரை மணியில் கழன்றது. நடுவில் குருமாவுக்குப் பட்டாணி எடுக்கப் போனவள் போட்ட சத்தம் தனிக்கதை.

அடுத்து, உலோகத் திருகுக்கு மட்டும் லைட்டரால் சூடு காட்டி, எபோனைட்டுக்குள் அது இளகும்போது குழலை நேராகத் திருப்பி ஆறவிட வேண்டும். முறை அதுதான். நான் கொஞ்சம் பெரிய மனசு பண்ணி மொத்தக் குழலையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.

எபோனைட்டுக்கு ஞாபகசக்தி அதிகம். நேராகப் பிறந்ததைச் சூடு காட்டித்தான் வளைத்திருக்கிறார்கள். மறுபடி சூடு கண்டதும் பிறந்த வீட்டு நினைப்பு வந்துவிட்டது. என் கண்ணெதிரே, பால் காய்ச்சும் பாத்திரத்துக்குள், சோம்பல் முறித்து மெல்ல நிமிர்ந்தது. வீடு முழுக்கத் தீபாவளி விடியற்காலை வாசனை.

திரும்ப வளைக்கும்போது உள்துளை நசுங்கக் கூடாது. பூஜையறையிலிருந்து விளக்குத்திரி ஒன்றை எடுத்துத் துளைக்குள் நுழைத்து, துணி சுற்றிப் பிடித்து வளைத்து, பச்சைத்தண்ணீரில் முக்கினேன். நல்ல வளைவு. கர்வத்தோடு மாட்டிப் பார்த்தேன். மணி இரண்டு.

அதற்குள் அவள் பிளம்பரை வரவழைத்துவிட்டாள். அவர் ஐந்தே நிமிஷத்தில் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டு, என் மேஜையை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"பைப்."

திருகை நகத்தால் நெருடினார். "த்ரெட் தேஞ்சுபோச்சு. இதைப் புடிக்கிறீங்களா சார்?"

"இல்லப்பா, அழகுக்குத்தான்."

"அப்ப சரி" என்றவர் டூல்பாக்ஸிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து மரைமேல் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார். கச்சிதமாகப் பன்னிரண்டு மணி.

"ரெண்டு பைப்புக்கும் சேர்த்துக் காசு கொடுங்க" என்றாள் மனைவி.

கொடுத்து அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சொட்டு நின்றிருந்தது. ஆனால் குழாயின் மூக்கு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு மணி இருக்கும். தலையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது: "கை வெச்சீங்கன்னா தெரியும்!"