ரொப்பிடலாம் கட்சி

இடும்பனுக்கு வெல்டிங் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. சிவகிரி, சக்திகிரி இரண்டையும் தூக்கப் பிரம்மதண்டம் தானாக வந்து தோளில் உட்கார்ந்தது. பாம்புகள் கயிறாகச் சுற்றிக்கொண்டன. ஹார்ட்வேர் கடைப் பக்கம் போகாமலே முடிந்த காவடி அது ஒன்றுதான். கிள்ளானில் இன்றைக்கு வீட்டிலேயே ஒரு அலகுக் காவடி செய்ய வேண்டுமென்றால், முதலில் போர்ச்சில் நிற்கும் காரை ரோட்டில் தள்ள வேண்டும். விரதம், பூசையெல்லாம் அதற்குப் பிறகு.

அக்கா மகன் பத்துமலைக்கு நேர்ந்துகொண்டான். காவடிச் சட்டம் செய்து கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் மாமாவிடம் ஒரு வெல்டிங் மெஷின் இருந்தது. வீட்டில் மெஷின் இருக்கும் மனிதரிடம் "வெளியே கொடுத்துச் செய்யலாமே" என்று சொல்வது, சமையல் தெரிந்தவரிடம் ஓட்டலுக்குப் போகலாமா என்று கேட்பதற்குச் சமம்.

அலுமினியமா, இரும்பா என்பதில் ஒரு சாயங்காலம் போயிற்று. அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதன் மேல் ஒட்டியிருக்கும் ஆக்ஸைடு படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அடியிலிருக்கும் உலோகமோ 660 டிகிரியிலேயே ஓடிவிடும். தோல் வேகுமுன் சதை கரைந்துபோகிற சாமானை மாமாவின் மெஷின் தாங்காது. ஆகவே இரும்பு.

கடையில் போய் "ஒரு இஞ்சு பைப்" என்று கேட்டால் கையில் வருவது வெளி விட்டம் 33.7 மில்லிமீட்டர் உள்ள தண்ணீர்க் குழாய். உலகத்தில் எந்த இஞ்சு டேப்பிலும் அது ஒரு இஞ்சு இல்லை. நிஜமான 25.4 வேண்டுமென்றால் பைப் என்று சொல்லக்கூடாது, டியூப் என்று சொல்ல வேண்டும். 1.2 மில்லிமீட்டர் தடிப்பில் 20 அடி நீளம் நாலு கிலோ சொச்சம். வண்டியில் ஏற்றும்போது லேசாகத்தான் இருக்கும். பத்துமலையின் 272 படி ஏறப்போகிறவன் நானில்லையே.

வினை மூட்டில் இருக்கிறது. ஒரு குழாயின் வயிற்றில் இன்னொரு குழாயின் முனையை நிறுத்திப் பாருங்கள். நேராக அறுத்த முனை இரண்டே புள்ளியில் தொடும். மற்ற இடமெல்லாம் வெளிச்சம். அதனால் முனையை மீன் வாய் பிளந்த வாக்கில் குடைய வேண்டும். குடையாமல் விட்டால் என்ன? இங்கேதான் ஊர் இரண்டாகப் பிரிகிறது.

பக்கத்து வீட்டுச் சீனர் கிரில் கதவு செய்கிறவர். வேலி மேல் கையூன்றி எட்டிப் பார்த்தார். "ஹெந்தாம் சாஜா லா," என்றார். இடைவெளி இருந்தால் ராடு வைத்து ரொப்பிடலாம் என்பது அவர் கொள்கை. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆகப் பெரிய கட்சி இதுதான்; தேர்தலில் நின்றால் டெபாசிட் போகாது. ஆனால் 1.2 மில்லிமீட்டர் குழாயில் இது எடுபடாது. பின்னால் தாங்க உலோகம் இல்லாத விளிம்பு ஆர்க் பட்டதும் உருகிப் பின்வாங்கும். ரொப்பப் போன ஓட்டை பெரிதாகும். அப்படியே ரொப்பினாலும், உறுமி மேளம் கேட்டால் எங்கள் பையன் நின்ற இடத்தில் நிற்க மாட்டான். அவன் ஒரு சுற்றுச் சுற்றினால் அத்தனை மூட்டும் முறுகும்.

முனையைக் குடைய மாமா ஹோல்சா வாங்கி வந்தார். அவருடைய டிரில்லுக்கு ஒரே வேகம், ஓட்டமான ஓட்டம். பல் நீலம் பாரிக்கவே, அக்காவின் இரண்டு ரிங்கிட் ஐம்பது சென் பொட்டல எண்ணெய் போர்ச்சுக்கு வந்தது. சூடான இரும்பில் எண்ணெய் விழுந்ததும் தாமான் முழுக்க வடை வாசம். விரதத்தில் இருந்த பையன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

பிறகு பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெரியப்பா கொமூட்டர் ஏறி வந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் அரை வட்ட அரம் ஒன்று, 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் தாளில் சுற்றியபடி. அரத்துக்கு வேறு பத்திரிகை ஒத்துவராதாம். ஹோல்சாவை ஒரு பார்வை பார்த்தார்; மாமா அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே சைஸ், நேர் மூட்டு. இதுக்கு எதுக்குடா மெஷினு?"

அவர் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முனையில் இந்தப் பக்கம் 45 டிகிரி ஒரு வெட்டு, அந்தப் பக்கம் 45 டிகிரி ஒரு வெட்டு. நடுவில் கூராக ஒரு முனை. கால் திருப்புத் திருப்பிக் காட்டினார். குடைவு அங்கே இருந்தது! ஒரே விட்டமுள்ள இரண்டு உருளைகள் நேர் கோணத்தில் சந்திக்கிற கோடு வளைவாகத் தெரிந்தாலும், இரண்டு சாய்ந்த தளங்களில்தான் கிடக்கிறது. சுவர்த் தடிப்பினால் இடிக்கிற உள் விளிம்பை மட்டும் அரம் கவனித்துக்கொண்டது. சாய்ந்து நிற்கும் குழாய்களுக்குக் காகித அச்சு. குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 80 மில்லிமீட்டர். தாளைப் பதினாறாக மடித்தால் பாகத்துக்கு 5. அதில் கோடு வரைந்து, சுற்றி ஒட்டி, கோட்டோடு அறுத்தார். பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால் முடி நுழையவில்லை. சீனர் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

ஒரு துண்டு மட்டும் துத்தநாகம் பூசியது. அதைச் சுட்டால் 907 டிகிரியில் துத்தநாகம் ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது வெல்டர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரியப்பா பூச்சை அரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பாலையும் குடித்தார். பால் குடத்துக்கு வாங்கி வைத்தது அது என்று அக்கா பிறகுதான் சொன்னாள்.

சட்டம் முடிந்ததும் அலங்காரக் கோஷ்டி வந்து இறங்கியது. மயிலிறகு, ஜிகினா, பிளாஸ்டிக் பூ, முருகன் படங்கள். "இந்த மூட்டை மட்டும் மூடாதீங்க தம்பி," என்று பெரியப்பா முன் பக்கத்து மூட்டு ஒன்றைக் காட்டிக் கேட்டுக்கொண்டார். அவர்கள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய மயிலை அதன் மேலேயே கட்டினார்கள்.

பத்துமலையில் கூட்டம் பையனைச் சுற்றி "வேல் வேல்" என்றது. பெரியப்பா மட்டும் போட்டோ எடுக்க வந்தவர்களை ஒவ்வொருவராகத் தடுத்து, "அந்த மயிலைக் கொஞ்சம் விலக்கிட்டு எடுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.