மிக்கி முன் மழலை: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. ஆளுயர எலி ஒன்று முழங்கால் உயரக் குழந்தையைக் கட்டி அணைப்பது அதன்பின் பெருவழக்காகிவிட்டது. திறப்பு நாளில் வேடதாரிகள் மாட்டிக்கொண்ட தலைகள் ஐஸ் கேப்பேட்ஸ் என்ற பனிச்சறுக்குக் குழுவிடம் இரவல் வாங்கியவை. அன்றைய படங்களைப் பார்த்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். ஆயினும் நம் இலக்கண ஆசிரியர்கள் இந்நிகழ்வைக் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். மிக்கியைக் காண வரிசையில் நிற்கும் இரண்டு வயதுக் குழந்தையைச் சுற்றி எட்டும் சில நிமிடங்களில் தோன்றி மறைகின்றன. தொலைவில் கறுப்புக் காதுகள் தெரிந்ததும் உவகை. கிட்டே போகப் போக மருட்கை. முறை வந்ததும் அச்சம், உடனே அழுகை. ‘ஹாய்’ சொல்லச் சொல்லி முதுகைத் தள்ளும் அப்பாவின்மேல் வெகுளி. நகை பின்னால் நிற்பவர்களுக்கு, இளிவரல் பெற்றோருக்கு. பெருமிதம் மிக்கிக்கு மட்டுமே உரியது. என்ன நடந்தாலும் அதன் முகம் மாறுவதில்லை.

இவற்றுள் அச்சமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு. ஒன்று எதிர்ப்பட்டாலே நடுங்கலாம். மிக்கியிடம் நான்கும் உள. எலியாதலால் விலங்கு. கைக்கு நான்கே விரலும் இமைக்காத கண்ணும் உடைமையால் அணங்கு. தேவர் இமையார் என்பது தமயந்தி சுயம்வரம் படித்தோர் அறிந்ததே. அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி வரும்படி கை விரிப்பதால் கள்வர். பக்கத்தில் உதவியாளர் நிற்க, ஊரே வரிசையில் காத்திருக்க, காட்சி கொடுப்பதால் இறை. ஆகவே அலறும் குழந்தை இலக்கண வழுவின்றி அலறுகிறது. சிரித்துக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் குழந்தைக்குத்தான் உரையாசிரியர் அமைதி காட்டவேண்டும்.

அதே பூங்காவில் உலவும் இளவரசிகள் கதை வேறு. சிண்ட்ரெல்லாவுக்கு மனித முகம் உண்டு. பெயர் கேட்பாள், பேசுவாள். மிக்கிக்குப் பெரும்பாலும் சைகைதான்.

மேனாட்டாரும் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. ரீட்டா டிவ்ரீஸ் என்ற உளவியலாளர் மேனார்ட் என்னும் சாதுப் பூனைக்கு நாய் முகமூடி மாட்டிப் பிள்ளைகளிடம் காட்டினார். ஆய்வு 1969இல் வெளியானது. மூன்று வயதினர் பலர் பூனை நாயாகவே மாறிவிட்டதென நம்பினர். ஆறு வயதினர் மசியவில்லை. இதனால் பெறப்படுவது யாதெனில், “பயப்படாதே, உள்ளே ஒரு ஆள்தான் இருக்கிறார்” என்ற சமாதானம் மழலையிடம் செல்லாது. இந்த எலி ஏற்கெனவே ஓர் ஆளை விழுங்கியிருக்கிறது என்ற கூடுதல் தகவலே அதற்குக் கிடைக்கிறது.

1985இல் வெளியான மற்றோர் ஆய்வில், கண்ணாடி பதித்த மேடையில் பள்ளம்போல் தெரிந்த இடத்தில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்ற தாய் மலர்ந்த முகம் காட்டியபோது பெரும்பாலோர் கடந்து வந்தனர். அஞ்சிய முகம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. டிஸ்னிலாந்திலும் குழந்தை அதையேதான் செய்கிறது: எலியை ஒரு பார்வை, சட்டென்று திரும்பி அம்மாவை ஒரு பார்வை. அங்கே முகம் இருக்கவேண்டிய இடத்தில் கைபேசியின் முதுகு இருக்கிறது. குழந்தை என்னதான் முடிவெடுக்கும்?

கைதேர்ந்த மிக்கி இதை அறியும். மண்டியிட்டு உட்காரும், வெள்ளைக் கையுறையால் கண்ணைப் பொத்தித் தானே பயந்ததுபோல் நடிக்கும். அழுகை பாதியில் நிற்கும். அம்மாவின் முழங்காலுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் மெல்ல நீண்டு மஞ்சள் சப்பாத்தின் முனையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விடும். அடுத்துக் குழந்தை அம்மாவின் முகத்தைத்தான் தேடும்.

ஆகவே பெற்றோரே, அந்த நேரத்திலாவது கைபேசியை இறக்குங்கள். படம் எடுக்கப் பூங்காவே ஆள் போட்டிருக்கிறது.